உடைசல் மேட்டில் சுருட்டை தேடிய கண்களுக்கு

விருத்தாசலம், 30.6.1998

"ஐயோ!" என்று ஓர் அலறல். தொண்ணூற்றாறு சித்திரையில் நம் பீங்கான் தொழிற்சாலையின் உடைசல் மேட்டிலிருந்து அது எழுந்தபோது நாங்கள் தடியோடு ஓடினோம். தாங்கள் மட்டும் கேமராவோடு ஓடி வந்தீர்கள், சொர்ணாம்பாள் அம்மையாரே! கோப்பைகளில் பூக்கள் பூக்கவைத்தவரே! வடிவமைப்புப் பிரிவை முப்பத்தோராண்டு தாங்கிய தாயே! படமெடுக்கிற நேரமா இது என்று அன்று உங்களைத் திட்டினோம். மன்னியுங்கள்.

மேட்டில் உடைந்த ஓடு பொறுக்கிக்கொண்டிருந்த நம் அமிர்தத்தைக் கடித்தது சுருட்டை விரியன். உயிர் பிழைத்தார், வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. "கண்ணெதிர்லதாங்க கெடந்திருக்குது. ஓடுன்னு நெனச்சுக் கைய வச்சிட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன சொல் உங்களை உலுக்கிவிட்டது.

பூ வரைய வாங்கிய கம்ப்யூட்டரில் பாம்பை ஏற்றினீர்கள். அன்று எடுத்த மேட்டின் போட்டோவில் சுருட்டையை ஒட்டினீர்கள். ஒரு படத்தில் அதன் வரிகளை அழித்தீர்கள். இன்னொன்றில் தரையை வெள்ளையாக்கினீர்கள். எங்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கண்டுபிடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்தீர்கள்.

"இதுல பாம்பு எங்கம்மா இருக்குது? நம்ம மேஸ்திரி மொறைக்கிற மாதிரிதான் தெரியுது" என்று சிரித்தார் சூளைப் பிரிவு பூபாலன். அவர் சிரித்து முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விட்டது.

"நெசமா இருந்தா உன் கை இந்நேரம் அதும்மேல, பூபாலா" என்றீர்கள். 

வரியில்லாத பாம்பை எல்லோரும் உடனே கண்டோம். சூளையில் சாமான் அடுக்கும் மண்பெட்டிகள் உடைந்த செவ்வோடுகளுக்கு நடுவே வரியோடு கிடந்ததை முப்பது பேரில் பத்தொன்பது பேர் காணவில்லை. வெள்ளைத் தரையில் ஒருவர்கூடத் தவறவில்லை. அதனால்தான் கோப்பை வார்த்துக் கழித்துப்போட்ட சுண்ண அச்சுகளை இடித்து, மேட்டுக்குப் போகும் பாதையில் வெள்ளைப்பொடி பரப்பவைத்தீர்கள். பாதைக்கு விடிவு வந்தது. மேட்டை யார் வெளுக்க முடியும்? மறுபடி அரைப்பதற்கு ஓடு பொறுக்க இன்றும் அதற்குள்தான் கைவிடுகிறோம். உங்கள் படங்களில் பழகிய கண்ணால் இரண்டாண்டாக ஒரு கடியும் இல்லை. ஆனாலும் குனியும்போதெல்லாம் முதுகு சில்லிடுகிறது. இன்று நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள்; நாளை முதல் நீங்கள் இல்லாமல் குனிய வேண்டும்.

கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் இல்லாமல், பேரன் பேத்திகளோடு நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும் என்று ஊழியர்கள் அனைவரும் நெஞ்சார வேண்டுகிறோம்.

இன்னும் ஒன்றை இம்மடலில் பதிய வேண்டும். நேற்று எங்களுக்குக் கடைசிப் படம் காட்டினீர்கள். முப்பது பேரும் ஐந்தே நொடியில் சுருட்டையைத் தொட்டுக் காட்டிக் கைதட்டினோம். நீங்கள் தட்டவில்லை, முகம் வெளிறிப் போயிருந்தது. பிரிவுத் துயரம் என்று எண்ணி அமிர்தம் உங்கள் தோளைத் தொட்டபோது, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னீர்கள்:

"இதுல ரெண்டு இருக்குது, அமிர்தம். ஒண்ணப் பாத்ததும் எல்லாரும் தேடுறத நிறுத்திட்டீங்க."