சம்பந்தியைவிட அரை வரி கீழே

"ஏம்மா, சம்பந்தியவிட நான் அரை வரி கீழ நிக்கேன்."

முத்தையாபுரம் பேருந்தில் முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் பக்கத்தில் அச்சகத்துப் பெண். அவள் மடிக்கணினியில் அவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகை. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் அருகருகே இரண்டு கட்டங்கள்.

"ரெண்டு பேரையும் கட்டத்துக்கு நடுவுலதான் நிறுத்திருக்கேன், அண்ணாச்சி. அவுகளுக்குப் பேரு, படிப்பு, ஹார்பர் உத்தியோகம்னு மூணு வரி. உங்களுக்குப் பேரு, படகு ஓனர்னு ரெண்டு வரிதான்."

"அப்ப என்னைய மேல ஏத்து."

ஏற்றினாள். "இப்ப கீழ காலியா கெடக்கே."

"ஒண்ணுமில்லாத வீடுன்னுல்லா நெனப்பாக!"

கொஞ்ச தூரம் ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சரி, என் தம்பி பேரச் சேரு. பொண்ணுக்குச் சித்தப்பான்னு."

"அவரோட பேச்சுவார்த்தையே இல்லன்னீகளே?"

"இப்பவும் இல்லதான்."

தட்டினாள். இரண்டு வீடும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அவர் முகம் தெளிந்தது.

"சித்தப்பாவுக்கு ஒரு பத்திரிகை எடுத்து வைக்கட்டா, அண்ணாச்சி?"

"அவனுக்கு எதுக்கு? அதான் கட்டம் நெறஞ்சிட்டுல்லா."