மோகனூர் பஸ்ஸில் கேமரா வியாபாரம்

“எங்கூட்டுல திருடறது ரொம்பச் சுலபமுங்க.”

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா இப்படிச் சொன்னதும், ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டேன். அவரிடம் கம்பியைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தவன் சிசிடிவி கேமரா விற்கிறவன். கழுத்தில் ஐடி கார்டு, பஸ் ஹாரனையே அமுக்கிவிடும் குரல்.

“போன்ல பேசுனது பத்தாதுங்க. எத்தன கேமரா போடறதுன்னு முடிவு பண்ண எல்லாந் தெரியணுங்கக்கா. ஊட்டுல ஆம்பளைங்க இருக்காங்களா?”

“அவரு போர் போடற ரிக்கு வண்டியில ராஜஸ்தான் போயிருக்காருங்க. நானும் பாப்பாவுந்தான்.”

“பகல்ல?”

“அவ ஸ்கூலுக்குப் போயிருவா, நான் கோழிப்பண்ணைக்குப் போயிருவேன். பொழுதோடதான் வருவோம்.”

“நாய்?”

“இருக்குதுங்க. பிஸ்கட் போட்டா யாரு பின்னாடியும் போயிரும்.”

“சாவி எங்க வெப்பீங்க?”

“மோட்டார் ரூமு ஓட்டுக்கு அடியில, சாமி.”

பஸ்ஸில் மற்ற பேச்செல்லாம் நின்றுபோயிருந்தது. முன் சீட் பெரியவர் திரும்பினார்.

“ஏனம்மிணி, நகை எந்த பீரோவுலன்னும் சொல்லிப்போடு. வர்றவன் தேடிட்டு இருக்க வேண்டாம்.”

அக்கா சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பையைத் தூக்கிக்கொண்டு, பஸ் அடுத்து நின்ற இடத்திலேயே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென நடந்தார்.

பஸ் கிளம்பியது. அவன் பதறிப்போய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான்.

“அக்கா, ஏன் இங்க எறங்குறீங்க? உங்கூடு அடுத்த ஸ்டாப்புன்னு போன்ல சொன்னீங்களே? ரேஷன் கடைக்கு எதுத்தாப்புல, பச்சக் கேட்டு?”