லொரெய்ன் அழித்த பெயர்

நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, லொரெய்னின் கணவர் கீத் அவர்களே, சக ஆசிரியர்களே, கிரிம்ஸ்பி நகரப் பெற்றோர்களே, முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் பயிலுநர் ஆசிரியர்களே, வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தில் திருமதி லொரெய்ன் ஆக்ராய்டு அவர்களைப் புகழ்ந்து பேசத் தலைமை ஆசிரியர் என்ற முறையில் என்னை அழைத்திருக்கிறீர்கள். புகழ்வேன். ஆனால் அதோடு விட்டால் நான் பொய்யன்.

பட்டம் பெற்றவர்கள் மேலும் ஓராண்டு பல்கலைக்கழகத்தில் உட்காராமல், நேரே பள்ளிக்கு வந்து, வகுப்பறையிலேயே ஆசிரியத் தொழிலைக் கற்கும் வழியை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளியில் தொடங்கியவர் யார்? லொரெய்ன்! அந்த வழியில் நாற்பத்தொரு பேரை ஆசிரியர்களாக்கியவர் யார்? லொரெய்ன்! பயிலுநர் பாடம் நடத்துவார். லொரெய்ன் கடைசி வரிசையில் சிவப்புக் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார். வகுப்பே தலைகீழானாலும் எழுந்திருக்க மாட்டார். ஆனால் எழுந்து போகவும் மாட்டார். அதுதான் அவர் கொடுத்த வாக்கு.

ஒருமுறை ஒரு பயிலுநர் பாடம் கெட்டுப்போய், வேதியியல் பொருள்கள் வைக்கும் அறைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தார். லொரெய்ன் தேநீரோடு உள்ளே போனார். "அழு, நல்லா அழு. உனக்கு நாலு நிமிஷம் இருக்கு. அஞ்சாவது நிமிஷம் மணி அடிச்சிரும், எட்டாம் வகுப்பு வந்துரும்" என்றார். அந்தப் பயிலுநர்தான் இன்று நம் அறிவியல் துறைத் தலைவர். இதோ, மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வழிக்கு ஒரு விதி உண்டு. பயிலுநரைத் தனியாக வகுப்புக்கு அனுப்பக் கூடாது. ஆசிரியர் வராத வகுப்புக்கு மாற்று ஆளாக அவரைப் போடக் கூடாது. அந்த விதியின் கீழ் கையெழுத்துப் போட்டவன் நான்.

பிப்ரவரியில் காய்ச்சல் வந்தது. ஒரே நாளில் ஏழு ஆசிரியர்கள் வரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நினைத்தேன். ஆசிரியர் அறைப் பலகையில், ஐந்தாம் பாடவேளை, ஒன்பதாம் வகுப்புக்கு நேராக, கேட்லின் பூத் என்று எழுதினேன். வந்து ஐந்தே மாதமான பயிலுநர். லொரெய்ன் வந்து தன் சட்டைக் கையாலேயே அந்தப் பெயரை அழித்தார்.

"டெரெக், அந்தப் பொண்ணு கத்துக்க வந்திருக்கா. உன் ஓட்டைய அடைக்க வரல."

"வேற ஆள் இல்ல லொரெய்ன். நான் எங்க போவேன்?"

"நான் ஒருத்தி மலை மாதிரி நிக்கறேனே, கண்ணு தெரியலயா?"

"உனக்கு நெஞ்சு சரியில்ல. அரை நாள்தான் வேலைன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல?"

"அப்ப டாக்டரையே வரச் சொல்லு, ஒன்பதாம் வகுப்ப வந்து மேய்க்கட்டும்!"

சிரித்தார். நானும் சிரித்தேன். அழித்த இடத்தில் அவர் தன் பெயரை எழுதினார். மறுநாளும் நான் கேட்லினின் பெயரை எழுதினேன், அவர் அழித்தார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். பத்து நாள்! அவர் அழித்துவிடுவார் என்று தெரிந்தேதான் எழுதினேன். "நீ போ லொரெய்ன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெயரை எழுதினாலே போதுமானதாக இருந்தது.

பதினோராம் நாள் ஐந்தாம் பாடவேளையில் அவர் கரும்பலகை அருகே சாய்ந்தார். கேட்லின் கடைசி வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு லொரெய்ன் சொன்னது இவ்வளவுதான்: "பசங்கள வெளிய கூட்டிட்டுப் போ. முதல்ல பின் வரிசை."

கேட்லின் முப்பது பிள்ளைகளை ஒரு சத்தமில்லாமல் வெளியே அழைத்துப் போனார். அவர் ஒரு வகுப்பைத் தனியாக நடத்தியது அன்றுதான். எது நடக்கக் கூடாதென்று அந்த அம்மையார் பத்து நாள் நின்றாரோ, அதுவே நடந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கீத், உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை. இத்தனை பேர் முன்னால் நடந்ததைச் சொல்ல மட்டுமே வந்தேன்.

இன்று காலை, திங்கட்கிழமைக்கான பட்டியலை எழுதினேன். நான்கு பேர் வர மாட்டார்கள். ஐந்தாம் பாடவேளைக்கு நேராக என் கை தானாகவே 'கேட்லின்' என்று எழுதியது. எழுதிவிட்டு, பழக்கத்தில், காத்து நின்றேன்.

யாரும் வரவில்லை.

என் சட்டைக் கையாலேயே அழித்தேன். என் பெயரை எழுதினேன். தலைமை ஆசிரியர் நாற்காலியில் நான் இருக்கும்வரை அந்தப் பலகையில் ஒரு பயிலுநரின் பெயரும் ஏறாது. இதுவே அவருக்கு நான் தரும் வாக்கு. நான் பாடம் நடத்தி எட்டு ஆண்டாகிறது. கேட்லின், திங்கட்கிழமை நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். அந்தச் சிவப்புக் குறிப்பேட்டில் அவர் எழுதிய கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறந்து, என் தப்புகளை ஒன்று விடாமல் எழுதுங்கள்.

முதல் தப்பை நானே சொல்லிவிட்டேன்.