வெளியே நிறுத்துவதற்குப் பெயர் பாதுகாப்பா?

முதலில் ஒரு சிறிய மன்னிப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் பேசினார்கள். எனக்கு அது வராது. எழுதிவைத்து வாசித்தால்தான் வார்த்தை வரும். எழுதப் போனால் அது நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மக்களின் கருத்தைக் கேட்டு அரசுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்போடு இந்த அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, பள்ளிப் பாதுகாப்பு, மாணவர் மனநலச் சட்டத்தின் முன்வரைவைச் சுமந்து வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, நான் பணிபுரியும் பள்ளியின் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நல்லதும் கெட்டதும் பார்த்து நரைத்த பெரியவர்களே, அரை நாள் வேலையை விட்டு, முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

சிரிக்க வேண்டாம். துணி தேய்க்கும் கடையில் அதே வயிற்றுவலியைச் சொல்லிவிட்டு என் அம்மாவும் வந்திருக்கிறார்.

இன்னும் சிலரை வணங்க எனக்கு முன்னால் பேசியவர்கள் மறந்துவிட்டார்கள். சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும் மாணவ மாணவியரே, வணக்கம். உங்களைப் பற்றிய சட்டம் இது. உங்களுக்கு மட்டும்தான் இந்த மண்டபத்தில் நாற்காலி போடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். உளவியல் படித்தேன். பள்ளியில் மாணவர் ஆலோசகராகத் தற்காலிக வேலை கிடைத்தது. அம்மா கேட்டார்.

"என்ன வேலைம்மா அது?"

"பிள்ளைங்க மனசுல இருக்கறதைச் சொல்லுவாங்க. நான் கேக்கணும்."

"கேக்கறதுக்கா சம்பளம்? உங்கப்பா பேசறதைக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கறேன். எனக்கு யார் குடுத்தா?"

அப்பாவும் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள், பாவம்.

கேட்கும் வேலை எளிது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சொல்வதற்கு ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை? எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. யாரை எங்கே கூப்பிடுவதென்றாலும் ஒலிபெருக்கியில்தான் கூப்பிடுவார்கள். வகுப்புக்கு ஒரு பெட்டி, சுவருக்கு ஒரு குரல். "ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மாணவி இன்னார் உடனடியாக மனநல ஆலோசனை அறைக்கு வரவும்." பெயரோடு, பிரிவோடு, பள்ளி முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார்கள். அந்தப் பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்து வாசலைத் தொடுவதற்குள் வகுப்பே பேச ஆரம்பித்துவிடும்.

"என்னடி, ரிப்பேருக்குப் போறியா?"

"வயரிங் பாத்துட்டு வா. அப்படியே எனக்கும் ஒரு ஃப்யூஸ் வாங்கிட்டு வா."

என் அறைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ரிப்பேர் கடை. ரிப்பேர் கடைக்கு யார் விரும்பி வருவார்கள்? ஆண்டு அறிக்கையில் பள்ளி என்ன எழுதியது தெரியுமா? 'ஆலோசனை நாடி வரும் மாணவர் மிகக் குறைவு. ஆகவே எம் பள்ளி மாணவரின் மனநலம் சிறப்பாக உள்ளது.' வாயை மூடிவிட்டு வலி இல்லை என்று எழுதினால் அதற்குப் பெயர் நலமா?

நான் அறையை விட்டு வெளியே வந்தேன். இடைவேளையில் தண்ணீர்க் குழாய் இருக்கும் திண்டில் போய் உட்கார்ந்தேன். அங்கே எல்லோரும் வருவார்கள், யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள். பாட்டில் நிரம்பும் நேரத்தில் ஒரு வார்த்தை வரும். அடுத்த நாள் இரண்டு வரும். அப்படித்தான் அவள் வந்தாள்.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். அவளிடமும் அவள் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். "சொல்லுங்க மிஸ், பேரை மட்டும் விட்டுடுங்க" என்றாள். அதனால் இந்த மேடைக்காக அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைக்கிறேன். பேச்சு அப்படி. ஆசிரியர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள், இரண்டிலும் வகுப்பு சிரிக்கும்.

அந்தப் பட்டாசு நனைந்துபோனது எப்படி? அதைத்தான் நீதிபதி ஐயா அவர்கள் கேட்க வேண்டும்.

இந்த முன்வரைவில் ஒரு பிரிவு இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிகளில் பாதுகாப்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்கிறது. சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் வருவதற்கு முன்பே அதை நிறைவேற்றிய முதல் பள்ளி என்ற பெருமை எங்களுக்கு வேண்டியிருந்தது. பெருமைக்குத்தான் எத்தனை அவசரம்! ஒரு நாள் காலை சங்கு ஊதியது. விளக்குகள் அணைந்தன. கதவுகளைச் சாத்தச் சொல்லிக் குரல் வந்தது. ஒத்திகை என்று மாணவருக்குச் சொல்லவில்லை. மாணவருக்கு இருக்கட்டும், ஆசிரியர்களுக்கே சொல்லவில்லை. எங்கள் காவலாளி அண்ணன் நல்ல மனிதர். ஒவ்வொரு கதவையும் ஓங்கித் தட்டச் சொன்னார்கள், தட்டினார்.

பட்டாசின் இடம் கதவோரம். நடுங்கிப்போன ஆசிரியை அவளிடம் சொன்னார்: "கதவைப் பிடிச்சுக்கோ. விட்டுடாதே."

அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள். வெளியிலிருந்து யாரோ அதை ஆட்டினார்கள். அவளுக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் தரையில் படுத்திருந்தது. எழுந்து நின்றவள் அவள் ஒருத்திதான்.

பிறகு விளக்கு வந்தது. ஒலிபெருக்கி பேசியது. "ஒத்திகை இனிதே நிறைவுற்றது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி." எல்லோரும் சிரித்தார்கள், தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். அவள் மட்டும் கைப்பிடியை விடவில்லை. ஆசிரியைதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

எதைப் பாதுகாத்தோம் அன்றைக்கு? யாரிடமிருந்து யாரைப் பாதுகாத்தோம்?

அதன் பிறகு அவளால் சாத்திய கதவுக்குள் உட்கார முடியவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் என்னிடம் சொன்னாள். நிறையப் பேச வேண்டும் என்றாள். என் அறைக்குக் கூட்டிப் போனேன். வாசலில் நின்றுவிட்டாள்.

"மிஸ், கதவைச் சாத்தாதீங்க. சாத்தினா மூச்சு முட்டுது."

சாத்தவில்லை. எப்படிச் சாத்துவேன்? என் அறைக்கு நேர் எதிரே பள்ளி அலுவலகம். திறந்த கதவுக்குள் உட்கார்ந்து அந்தப் பிள்ளை அழுதது. அழுகைக்கு நடுவில் ஒரு வாக்கியம் சொன்னது. "கிளாஸ்ல கதவைச் சாத்தினதும், அதை உடைச்சுட்டு ஓடிடலாம் போல இருக்கு மிஸ்."

அவ்வளவுதான். அலுவலகத்தில் இருந்தவர்கள் காதில் 'உடைச்சுட்டு' மட்டும் விழுந்தது. மூச்சு முட்டுகிறது என்பது விழவில்லை. முன்வரைவில் இன்னொரு பிரிவு இருக்கிறதே, ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று பள்ளி கருதும் மாணவரை, மருத்துவச் சான்று வரும்வரை வெளியே நிறுத்திவைக்கலாம் என்று. அதையும் முதலில் நிறைவேற்றிவிட்டோம். மறுநாள் காலை அவளைப் பள்ளியின் இரும்புக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள்.

அவள் அப்பாவுக்கு வெல்டிங் பட்டறை. அந்த இரும்புக் கதவைச் செய்து நிறுத்தியவரே அவர்தான். விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"கதவை உடைக்கற பொண்ணாம்மா அவ? தண்ணி பாட்டில் மூடி இறுகிட்டா என்கிட்டத்தான் ஓடி வருவா. அதுவும் நான் வெச்ச வெல்டிங். யானை வந்தாலும் அசையாது, இவளா உடைக்கப் போறா?"

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சான்றிதழுக்காக மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே மருத்துவர் கேட்டார்.

"என்ன நோய்?"

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"நோய் இல்லாம, குணமாயிடுச்சுன்னு நான் எப்படிப்பா எழுதறது? மனநல டாக்டரைப் பாருங்க."

மனநல மருத்துவரைப் பார்க்க வரிசை மாதக்கணக்கில் நீள்கிறது. நோய் இருந்தால் பள்ளியில் இடம் இல்லை. நோய் இல்லை என்றால் சான்றிதழ் இல்லை. அவளோ வீட்டில் இருக்கிறாள். வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, தோழிகள் அனுப்பும் பாடத்தைப் படிக்கிறாள்.

பின்னாலிருந்து ஓர் அண்ணன், "அந்தப் பொண்ணு இங்க வந்திருக்கா?" என்று கேட்கிறார். சொல்ல மாட்டேன் அண்ணா. வந்திருந்தாலும் நீங்கள் தேட வேண்டாம்.

நேரம் முடிந்தது என்று நீதிபதி ஐயா மணியடித்துவிட்டார். தெரிகிறது ஐயா. கொஞ்சம் பொறுங்கள். மணி அடித்ததும் உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு மட்டும் நிற்கிறேன்.

நான் இந்தச் சட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது, வரவேற்கிறேன். என் வேலை நிரந்தரமாகும் என்பதால் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். அந்த ஆசையும் இருக்கிறது, மறைப்பானேன்? ஆனால் அதே சட்டம் ஆலோசனை அறைக்குள் கேமரா வைக்கச் சொல்கிறது. தாய்மார்களே, உங்கள் மகள் உங்களிடமே சொல்லாத ஒன்றைக் கேமராவைப் பார்த்தா சொல்வாள்? அழும் பிள்ளையைப் படம் பிடிப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? அஞ்சும் பிள்ளையை அதிரவைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? உதவி கேட்ட பிள்ளையை ஊருக்கு முன்னால் வெளியே நிறுத்துவதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஒத்திகை வேண்டும் என்றால் நடத்துங்கள். இது ஒத்திகை என்று முதலில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நடத்துங்கள். பேசும் அறைக்குள் கேமரா நுழையக் கூடாது. மனம்விட்டுப் பேசியதற்காக எந்தப் பிள்ளையும் வகுப்பை இழக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் இந்தச் சட்டம் சட்டமன்றத்துக்கு வருமானால், அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசுவேன். தாள் இல்லாமல் பேச வராது என்று ஆரம்பத்தில் சொன்னேன். கற்றுக்கொள்கிறேன்.

பட்டாசு வெளியே நின்ற நாளிலிருந்து எங்கள் பள்ளியில் என்ன நடக்கிறது தெரியுமா? தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நான் உட்கார்ந்தால் பிள்ளைகள் பாட்டிலை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒருத்தி மட்டும் நின்று கேட்டாள்: "மிஸ், உங்ககிட்ட சொன்னா என்னையும் அனுப்பிடுவாங்களா?"  ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தினோம், ஓராயிரம் வாய்களை அடைத்தோம். அடைபட்ட வாய்களோடு ஒரு பள்ளி அமைதியாக இருக்கும், அழகாக இருக்கும், அறிக்கையில் எழுத வசதியாக இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது, அவையோரே. பேசுகிற பிள்ளையிடம் இல்லை.

இந்தப் பேச்சுக்குப் பிறகு என் வேலை இருக்குமா என்று என் அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. எனக்கும் பயம்தான்.   ஆனால் எழுதிவந்ததில் ஒரு வரியையும் விடாமல் வாசிக்கிறேன்.

ஐயா, கடைசியாக ஒரு கோரிக்கை. அரசிடம் கேட்பதை எல்லாம் கேட்டுவிட்டேன். இது அரசிடம் இல்லை. சட்டம் வர நாளாகும். இதற்குச் சட்டம் தேவையில்லை, ஒரு வார்த்தை போதும்.

தலைமையாசிரியை அம்மா, வரும் திங்கட்கிழமை ஆண்டுத் தேர்வு தொடங்குகிறது. எழுதாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும். அவளை உள்ளே விடுங்கள். தேர்வு அறையில் வாசலோரம் ஓர் இடம் கொடுங்கள். அந்த அறைக் கதவு மட்டும் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நான் நின்றுகொள்கிறேன். 'வரச் சொல்' என்று இந்த அவையில், இப்போதே, இவர்கள் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொல்ல வேண்டும்.

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நன்றியை மட்டும் இன்னும் சொல்லவில்லை. தலைமையாசிரியை அம்மா பதில் சொன்னதும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அதுவரை இங்கேயே நிற்கிறேன்.