மண் கலருக்கு அடியில் கிளி

பட்டாபிராமில் ரயில் ஏறிய பெயிண்டரின் நகக்கண்ணெல்லாம் மண் கலர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஸ் முதலாளியிடம் குனிந்து சொன்னார்: "உங்க கிளி உசுரோட கீது, மொதலாளி."

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பேசாத பாய். பூந்தமல்லி ரோட்ல கிளி பஸ்னு சொன்னா கொழந்தைக்குக்கூட தெரியும். பஸ் மேல அத வரைஞ்ச கையாலயே பட்டாளத்துக்காரனுக்கு மண்ணு கலர் அடிச்சி மூடிட்டியே."

"சண்டைக்குன்னு பஸ்ஸ புடிச்சிகினு போனது அவன். நான் அடிக்கலன்னா வேற எவனாவது அடிப்பான். பழைய பெயிண்ட மரம் தெரியற வரைக்கும் சுரண்டச் சொன்னான். நான் சுரண்டல."

"சுரண்டலையா?"

"கிளி மேல வார்னிஷ் அடிச்சி, நல்லா காயவெச்சி, அதுக்கு மேலதான் மண்ணு கலர் அடிச்சேன்."

"தெரிஞ்சா வேலைய விட்டுத் தொரத்திடுவான்யா."

"தொரத்தட்டும். சண்டை முடிஞ்சி பஸ் வந்தா நானே வந்து மண்ணு கலர மட்டும் பக்குவமா சுரண்டி எடுக்கறேன். வேற எவனும் கத்தி வெக்கக் கூடாது."

முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பர்மா பக்கம் போயி, குண்டு பட்டு அங்கயே நின்னுட்டா?"

"பட்ட எடத்துல கிளிதான் எட்டிப் பாக்கும்" என்றார் பெயிண்டர்.