புகைப்புரையில் போட்ட மேசை

உங்கள் மகளுக்கு வீட்டிலேயே வேலைமேசை போடுவதானால், ஐயரே, முதலில் நாற்காலி பின்னால் நகரும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். எல்லோரும் மேசையை அளப்பார்கள். மேசை சுவரோடு ஒட்டி நின்றுவிடும். மனுஷன் எழுந்திருக்கத்தான் இடம் வேண்டும்.

நீங்கள் அறையைப் பார்க்க வரவில்லை, சபைப் போதகராக வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். என் ஜெஸ்மி போனபிறகு அவள் அம்மா நேசபாய் திருவிருந்தில் அப்பம் வாங்க எழுந்து வருவதில்லை. மருமகன் நான் சொன்னால் கேட்பார் என்று வந்திருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல இந்த அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இது புகைப்புரையாக இருந்தது. மாமாவின் மரங்களில் வெட்டிய பாலை உறையவைத்து அடித்த ரப்பர் ஷீட்டுகளை இங்கே கம்பில் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். வீடு ஜெஸ்மிக்கு அவர்கள் கொடுத்தது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை. அடுக்களை வழியாக மட்டும் நுழையக்கூடிய இந்தப் புரை. சென்னைக் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது படுக்கையறையில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டில் காமிராவில் தெரிந்தது. ஹாலில் மாமா வந்து உட்கார்ந்து அருமனையில் ஷீட் என்ன விலை போகிறது என்று பேசத் தொடங்கிவிடுவார்.

புரையை எடுத்துக்கொள்ளச் சொன்னவள் ஜெஸ்மி. சுவரில் படிந்திருந்த கரியைச் சுரண்டியதும் வெள்ளையடித்ததும் அவள்தான்.

சின்ன அறையில் கதவு உள்பக்கம் திறந்தால் பாதி இடம் போய்விடும். அதனால் பக்கவாட்டில் நகரும் கதவு. தரையில் எதையும் வைக்கக்கூடாது, எல்லாம் சுவர்த் தட்டுகளில். ஏசி இங்கே மட்டும்தான் என்பதால் மருந்துப்பெட்டியையும் மேசைக்கு மேலே வைத்தேன். ஜெஸ்மியின் இன்ஹேலர் அதில் இருந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு.

ஷீட்டுக்கு வேறு இடம் வேண்டும். அடுக்களையில் அடுப்புக்கு மேலே கம்பு கட்டினோம். புகை இந்தப் பக்கம் கசிந்தது; கதவு இடுக்குகளை ஃபோமால் அடைத்தேன். ஏசியின் வெளிப்பெட்டியை மாட்ட அடுக்களை ஜன்னல் இருந்த இடம்தான் கிடைத்தது. ஜன்னலைப் பலகையால் மூடினேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது.

"இஞ்ச பாருங்க, மூச்சு முட்டுது. ஒரு பலகையாவது எடுத்து விடுங்க" என்றாள் ஜெஸ்மி.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின.

கதவுக்கு முதலில் தாழ்ப்பாள் கிடையாது. ஒருநாள் மீட்டிங் நடுவில் தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் கரியோடு வந்து நின்றாள்.

"கெழங்கு அவிச்சு வச்சிருக்கேன், ஆறிப்போவுதுல்லா. தின்னுட்டு போயி பேசுங்க. அவியளயும் தின்னுட்டு வரச் சொல்லுங்க."

மைக் திறந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டீம் லீடர் அவள் இழுத்த ராகத்தை அப்படியே பிடித்துக்கொண்டான். "எபின், கெழங்கு ஆறிப்போவுதுல்லா." பிறகு தினமும் காலையில் எனக்கு அதுதான் வணக்கம். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஒரு பெண், உங்கள் மனைவியை ரொம்பப் பிடித்துவிட்டது என்றுகூடச் சொன்னாள். நானும் அவர்களோடு சிரித்தேன். அன்று சாயங்காலம் வடசேரிக்கு பஸ் ஏறிப் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன்.

"எதுக்கு தாப்பா? நான் என்ன களவாங்கவா வாறேன்?" என்று ஜெஸ்மி கேட்டாள்.

வேலை கெடுகிறது, அவசரமென்றால் தட்டு என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். காரணம் அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதன்பிறகு நான் போனில் இருக்கும்போது அவள் வாயே திறந்ததில்லை.

அவள் இறந்த வாரம் முழுக்க மழை. மாமி ஈர ஷீட்டுகளை எடுத்து வந்து, "ஏட்டி, இத இன்னைக்கே பொகையில போட்டிரு. பூசணம் பூத்துப்போவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெஸ்மி தேங்காய்ச் சிரட்டையும் பச்சை விறகும் போட்டுப் புகைமூட்டினாள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் மாமி, மகளைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்து ஆலயத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஹெட்செட் போட்டிருந்தேன், அவள் தட்டியது கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அடக்க ஆராதனையில் நீங்களும் அதைச் சொல்லி எனக்காக ஜெபித்தீர்கள்.

கேட்டது, ஐயரே.

முதலில் விரலால் தட்டினாள். பிறகு உள்ளங்கையால். பிறகு "எபினே" என்றாள். அதற்குமுன் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதற்காக வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இன்ஹேலர் கண்ணுக்கு நேரே இருந்தது. எடுத்து, கதவைக் கொஞ்சம் நகர்த்தி நீட்டினால் போதும். அப்போது நான் பேசும் முறை. மைக்கை அணைத்துவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்தால் "என்ன எபின், கெழங்கா?" என்பார்கள். அதனால் குரலைச் சற்று உயர்த்திக்கொண்டு என் பகுதியைப் பேசி முடித்தேன். நன்றாக இருந்தது என்று பாராட்டினார்கள். தட்டுவது இடையிலேயே நின்றிருந்தது. நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு கதவை நகர்த்தினேன். அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என் காலடியில் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் செய்ய எதுவும் மிச்சமில்லை.

மாமியிடம் நான் பேசாமல் இல்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். "பின்ன ஆருக்க தப்பு மக்களே?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கர்த்தருடைய சித்தம் என்றேன். அடுத்த திருவிருந்திலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. நான் போகிறேன். போகாவிட்டால் சபையார் கவனிப்பார்கள். உங்கள் கையிலிருந்து அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மாமி பெஞ்சைக் கடக்க வேண்டும். எனக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

அடுத்த ஞாயிறு அவர் எழுந்து வரவேண்டும். அதற்கு அவரிடம் இதைச் சொல்ல வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும். அது எனக்கும் புரிகிறது. இப்போது அடுக்களையில் உங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே போய்ச் சொல்லலாம். ஆனால் மாமி வாய்விட்டு அழுவார், எங்கள் ஊர்ப் பெண்கள் அழுவது உங்களுக்குத் தெரியும். இன்று மழையில்லை, பக்கத்து வீடுகளில் எல்லாரும் முற்றத்தில் நிற்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் எழுந்துகொண்டால் மாமி உட்கார இடமிருக்கும். அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிறேன். இங்கிருந்து சத்தம் வெளியே போகாது.