போர்வைக்குள்ளிருந்து ஒரு கிட்டார்

— இல்ல முதாசிர், கிட்டார் ஆம்ப் மேல குத்தமே இல்ல. குத்தம் என் விரல் மேல. அதனாலதான் விக்கறேன்.

— அத்த விடுங்க ஷ்யாம் அண்ணா. ஃபோட்டோல சின்னதா தெரிஞ்சுது, நேர்ல பார்த்தா பீரோ கணக்கா நிக்குதே!

— மேல இருக்கறது ப்ரீஆம்ப். நடுவுல சத்தத்தை மாத்தித் தர்ற எஃபெக்ட்ஸ் பெட்டி. கீழ கனமா இருக்கே, அது சத்தத்தைப் பெருக்கற பவர் ஆம்ப். மேலயும் கீழயும் பழைய வால்வு ரேடியோ மாதிரி ட்யூப். ஒவ்வொண்ணா தேடி வாங்கி, நானே ரேக்ல மாட்டினேன். பக்கத்துல நிக்கறது ஸ்பீக்கர்.

— லைட்டை அணைங்கண்ணா... யம்மாடி! உள்ள தணல் மாதிரி கீது பாருங்க! தாம்பரத்துல பேண்டு பசங்க வாசிக்க வாடகைக்கு வுடற என் ஜாம் ரூம்ல இந்த மாதிரி ஒண்ணு வெக்கணும்னு எவ்ளோ நாள் ஆசை தெரியுமா?

— பார்க்க அழகுதான். சத்தத்தையும் கேட்டுடுங்க. வாசிக்கறேன், சிரிக்கக் கூடாது.

— ...இன்னாண்ணா, போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி கீது?

— ரெண்டு வருஷமா இதேதான். சிறுசேரில வேலை முடிச்சு, மேடவாக்கம் ட்ராஃபிக்ல நசுங்கி வந்து தினமும் உக்காருவேன். என் வைஃப் நித்யஸ்ரீ பாவம், கிச்சன் கதவைச் சாத்திப்பா. நாப்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டா இவ்வளவுதான் வரும் போல. இன்னியோட விட்டுட்டேன். கிட்டாரையும் சேர்த்து எடுத்துக்கோங்க.

— இருங்க, இருங்க. நடுப் பெட்டில இந்தப் பச்சை லைட் இன்னா?

— ஸ்பீக்கர் சிமுலேஷன். ஆரம்பத்துல ஹெட்ஃபோன்ல கேட்டேன், அப்போ போட்டது.

— அது ஹெட்ஃபோனுக்கு மட்டுந்தாண்ணா! ஸ்பீக்கர் இல்லாத எடத்துல இருக்கற மாதிரி காட்டும். இங்கதான் நெஜ ஸ்பீக்கரே இடுப்பு உயரத்துக்கு நிக்குதே! கம்பளி மேல கம்பளி போத்தி வெச்சுகீறீங்க. என் ரூம்லயும் இதே கூத்துதான். அந்தப் பேஜார்ல ஒரு பேண்டே ஓடிப்போச்சு. இதோ, ஆஃப். கொஞ்சம் சவுண்டும் ஏத்துறேன்.

— ஐயோ, கீழ் வீட்டுல...

— கீழ தண்ணி லாரி மோட்டார் போட்டுகினு கீறான். எவன் காதுல விழப்போவுது? வாசிங்க.

— சரி, அதே பாட்டு... இதோ.

— அண்ணா!

— முதாசிர்... இது நானா?

— நிறுத்தாதீங்கண்ணா! என் கையைப் பாருங்க, முடியெல்லாம் நட்டுகினு நிக்குது!

— இந்த ஒரு கம்பி இழுப்பை எத்தனை தடவை இழுத்திருப்பேன்... உள்ள இவ்வளவு இருந்துதா? பயமா இருக்கு முதாசிர்.

— பேசாம வாசிங்கண்ணா.

— ஏங்க! கிச்சன்லருந்து கத்தறேன், கேக்குதா? அந்தத் தம்பி என்னமா வாசிக்கறார்! அடுப்பை அணைச்சுட்டு நின்னு கேட்டேங்க, அழுகையே வந்துடுச்சு. பேரமெல்லாம் பேசாதீங்க, அவர் கேக்கற விலைக்கே கொடுத்துடுங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்ககிட்டதான் அது இருக்கணும்.

— அக்கா, நான் கையைக் கட்டிகினு நிக்கிறேன்கா. வாசிக்கறது உங்க வூட்டுக்காரரு!